கோழிக்கொண்டைப் பூவின் நிறம்

டிசம்பர் 3

மோட்டார் இன்றும் தண்ணீர் இழுக்கவில்லை. பிளம்பர் வருகிறேன் என்று சொன்னதோடு சரி. தூரிகை கழுவுவதற்குத் தெருக்குழாயிலிருந்து குடத்தில் தூக்கி வந்தோம்.

புது டைரி. முதல் பக்கத்தில் எதையாவது ஒழுங்காக எழுத வேண்டும் என்று தோன்றுகிறது. மூடிப்போன நூற்பாலையின் கேன்டீன்தான் எங்கள் ஸ்டூடியோ. ஆலை முதலாளி குடும்பத்து டிரஸ்ட், ஓவியக் கல்லூரிப் பிள்ளைகளுக்காக இதைக் கொடுத்திருக்கிறது. கல்லூரியில் மாலை ஆனால் வகுப்பறையைப் பூட்டிவிடுவார்கள். பட்டம் வாங்கிவிட்டால் பகலிலும் இடமில்லை. பத்துக்குப் பத்து வாடகை அறையில் கேன்வாஸை எங்கே சாய்த்து வைப்பது? அதனால் கடைசி வருட மாணவர்களும், படிப்பை முடித்து மூன்று வருடத்துக்கு உட்பட்டவர்களும் இங்கே வந்து வேலை செய்யலாம். என் பதவியின் பெயர் ஒருங்கிணைப்பாளர். அறை பார்த்துக் கொடுப்பேன், வேலைக்குச் சிபாரிசு செய்வேன், “படம் வரைஞ்சு என்னம்மா ஆகப் போகுது” என்று கேட்கும் அப்பாக்களோடு போனில் பேசுவேன், மோட்டாருக்கு ஆள் தேடுவேன். நானும் அந்தக் கல்லூரியில் படித்தவள்தான்.

இன்னாசி நாள் முழுக்க வேலை செய்தான். முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது. செப்டம்பரில் அவனுக்குக் காசநோய் என்று தெரிந்தபோது முதலில் என்னிடம்தான் வந்தான். ஒரு மாதம் ஊரில் இருந்து மாத்திரை சாப்பிட்டு, இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் திரும்பினான். மற்றவர்களிடம் மஞ்சள் காமாலை என்று சொல்லி வைத்திருக்கிறோம். அவன் அப்படிக் கேட்டுக்கொண்டான்.

டிசம்பர் 9

இன்னாசியின் புதுப் படத்தைப் பார்த்தேன். நிலக்கோட்டைப் பூச்சந்தை வரிசையில் இது நான்காவது. அவன் அம்மா லூர்தம்மாள் அந்தச் சந்தையில் பூ வியாபாரம் செய்கிறவர். மற்ற மூன்று படங்களிலும் ரோஜாவும் செவ்வந்தியும் சந்தையில் இருக்கிற மாதிரியே கண்ணைப் பறிக்கும். இதில் அம்மா கோழிக்கொண்டைப் பூக்குவியலின் நடுவே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் பூ சிவப்பாக இல்லை. பாசி பிடித்த கிணற்றுச் சுவர் மாதிரி ஒரு பச்சை. இலைகள் காய்ந்த ரத்தத்தின் நிறம். அம்மாவின் கன்னத்திலும் அந்தப் பச்சை ஏறியிருந்தது.

அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. சந்தை முடிந்து, எல்லாரும் போன பிறகு, விற்காத பூவோடு ஒருத்தி மட்டும் மிச்சமிருக்கிற மாதிரி இருந்தது. இவன் வயதில் நான் இப்படி ஒன்று வரைந்ததில்லை.

புதிதாக ஏதோ முயற்சி செய்கிறான். அவன் சாப்பிடப் போயிருந்ததால் கேட்கவில்லை.

டிசம்பர் 12

பிளம்பர் வந்தார். வாஷர் மாற்றினார். தண்ணீர் வருகிறது.

இன்னாசி ட்யூபை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து எழுத்தைப் படிக்கிறான். பிறகு பவளக்கொடியைக் கூப்பிட்டு, “அக்கா, இதுல எது செவப்பு?” என்று கேட்டான். பவளக்கொடி சிற்பம் படித்தவள். இரண்டு வயது மகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வருகிறாள். “ஏன்டா, பெயின்டிங் படிச்சவன் நீயா நானா?” என்று சிரித்துவிட்டு எடுத்துக் கொடுத்தாள். அவனும் சிரித்தான்.

வீட்டுக்கு வந்து அவன் சாப்பிடுகிற மருந்துகளைப் பற்றிக் கணினியில் கொஞ்சம் படித்தேன். நான்கில் ஒன்று சிலருக்குக் கண் நரம்பைத் தொந்தரவு செய்யுமாம். முதலில் சிவப்பும் பச்சையும்தான் குழம்புமாம். மிகச் சிலருக்குத்தான். கண் சோர்வாகவும் இருக்கலாம். அவன் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. நாளை கேட்க வேண்டும்.

டிசம்பர் 13

நாள் முழுக்கக் கல்லூரியில் வேலை. இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குத் தன்விவரம் எழுதச் சொல்லிக் கொடுத்தேன். “ஐயா, எனக்கு ஓவியத்தில் சிறு வயதிலிருந்தே ஆர்வம்” என்று எல்லாரும் ஒரே மாதிரி ஆரம்பிக்கிறார்கள்.

ஸ்டூடியோவுக்குப் போக முடியவில்லை.

டிசம்பர் 16

டிரஸ்ட் செயலாளர் நஞ்சப்பன் சார் வந்தார். ஜனவரிக் கடைசியில் கூட்டமாம். இந்த இடத்தைத் தொடர்ந்து கொடுப்பதா, குடோனாக வாடகைக்கு விடுவதா என்று அதில் முடிவு செய்வார்கள்.

“நீங்க நல்லாத்தான் பண்றீங்க, தமயந்தி. நான் இல்லைங்கல. ஆனா கூட்டத்துல கேப்பாங்கல்லங்க, இங்கிருந்து வெளிய தெரியற மாதிரி யாரு வந்தாங்கன்னு? ஒரு பேரு சொல்லோணும். ஒரே ஒரு பேரு போதும்.”

சென்னையிலிருந்து நிரஞ்சனா என்பவர் வெள்ளிக்கிழமை வருகிறார். புது ஓவியர்களுக்கு ஒரு கண்காட்சி அமைக்கிறார், அதற்கு ஆள் தேடுகிறார். எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஜன்னல் கண்ணாடிகளைத் துடைக்க வேண்டும். சுவரில் ஆலைக்காலத்து எண்ணெய்க் கறை இருக்கிறது, அங்கே பெரிய படமாக மாட்டிவிடலாம்.

டிசம்பர் 17

இன்னாசியிடம் கேட்டேன்.

“கலர் எல்லாம் மாறியிருக்கே இன்னாசி. வேணும்னுதான் பண்றியா?”

“ஆமாக்கா. புதுசாப் பண்ணிப் பாக்குறேன். நல்லால்லையா?”

“நல்லா இருக்கு.”

“அப்புறம் என்னக்கா?”

அவனே சொன்ன பிறகு நான் என்ன செய்ய? வேக வைத்த முட்டை கொண்டுபோயிருந்தேன், சாப்பிட்டான். ஜன்னல் துடைத்தாயிற்று. வெளிச்சம் நன்றாக விழுகிறது.

டிசம்பர் 20

நிரஞ்சனா வந்தார். என் வயதுதான் இருக்கும். அதிகம் பேசாதவர். பவளக்கொடி சுடுமண்ணில் செய்த கைகளை நெடுநேரம் தொட்டுப் பார்த்தார். மாணவர்களின் படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். பிறகு இன்னாசியின் படத்துக்கு முன்னால் வந்து நின்றார், கைப்பையைக் கீழே வைத்தார்.

“இந்த நிறம் எப்படி வந்தது உங்களுக்கு?” என்று கேட்டார்.

இன்னாசி என்னைப் பார்த்தான். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“வந்துச்சு மேடம்,” என்றான்.

“பூவை எல்லாரும் அழகா வரைவாங்க. நீங்க பூவோட களைப்பை வரைஞ்சிருக்கீங்க,” என்றார். படத்தைச் சென்னைக்கு எடுத்துக்கொள்கிறாராம். இதே மாதிரி இன்னும் இரண்டு வேண்டுமாம். பொங்கல் முடிந்து வண்டி அனுப்புகிறார்.

அவரை ரயில் ஏற்றிவிட்டு வரும் வழியில் நஞ்சப்பன் சாருக்குப் போன் செய்து சொன்னேன். “அட, நல்ல சேதிங்க! பேரு என்ன சொன்னீங்க? இன்னாசி?” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்.

டிசம்பர் 21

நல்ல தூக்கம்.

டிசம்பர் 23

இன்னாசி கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனான். மருத்துவமனையில் கண் பிரிவு எந்த நாட்களில் என்று விசாரிக்க நினைத்தேன். விடுமுறை நேரம், யார் இருக்கப் போகிறார்கள். அவன் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பவளக்கொடி கேட்டாள்: “ஏனுங்க்கா, நீங்க ஒண்ணும் வரையறதே இல்லைங்களா?” நேரம் எங்கே இருக்கிறது என்றேன்.

டிசம்பர் 25

காலையில் லூர்தம்மாள் போன் செய்தார். கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

“டீச்சர், நல்லாருக்கீங்களா? ஒண்ணு கேக்கணும். இவனுக்கு என்ன ஆச்சு?”

நான் டீச்சர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டீச்சர்தான்.

“எனக்குச் சேலை எடுத்துட்டு வந்திருக்கான். சந்தோசந்தான். ‘அம்மா, நீ செவப்புக் கட்டி நான் பாத்ததே இல்ல, இந்தா கட்டிக்க’ங்கறான். பிரிச்சுப் பாத்தா வாழை எல கணக்கா பச்சை. வெளையாடுறான்னு நெனச்சேன். கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போனா, போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் ‘எங்கம்மாவுக்குச் செவப்பு எப்பிடி எடுக்குது பாத்தீங்களா’ன்னு கேக்குறான். எல்லாரும் என்னயப் பாக்குறாங்க. நான் ஆமாப்பா ஆமாப்பான்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவங்கிட்ட சொல்ல மனசு வரல டீச்சர். அந்த மாத்திரைனால ஏதும் இருக்குமா? உங்களுக்குத் தெரியாம இருக்காது.”

வந்ததும் கவனிக்கிறேன் என்று சொன்னேன். அதற்கு அவர், “உங்களை நம்பித்தான் அங்கிட்டு விட்டுருக்கேன்,” என்றார்.

கேக் வாங்கி வைத்திருந்தேன். வெட்டவில்லை.

டிசம்பர் 27

இன்னாசி திரும்பி வந்தான். மற்றவர்கள் இல்லாத நேரம் பார்த்துப் பேசினேன். சேலையைப் பற்றிச் சொன்னதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

“பச்சையா அது?”

“ஆமாம்.”

“கடைக்காரர்கிட்ட செவப்புதானேண்ணே இதுன்னு கேட்டேன். அவரு ஆமான்னாரே. அத உடுத்திக்கிட்டு நாள் பூரா சிரிச்சாங்கக்கா எங்கம்மா.”

எப்போதிலிருந்து என்று கேட்டேன். நவம்பர் கடைசியிலிருந்தாம். முதலில் விளக்கு சரியில்லை என்று நினைத்திருக்கிறான். பிறகு செல்போனில் தேடியிருக்கிறான். நான் படித்த அதே பக்கத்தை அவனும் படித்திருக்கிறான்.

“அப்புறமும் ஏன்டா சொல்லல?”

“டிபி மாத்திரைய நிறுத்திட்டா நோய் திரும்பிரும்னு பயமா இருந்துச்சு. அப்புறம் அந்த மேடம் வந்து அப்படிச் சொல்லிட்டாங்க. அக்கா, கெஞ்சிக் கேக்குறேன். இன்னும் ரெண்டே படம். பொங்கல் முடிஞ்சு வண்டி வந்து எடுத்துட்டுப் போயிரட்டும். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வர்றேன். இப்பப் போயி கண்ணு சரியாயிருச்சுன்னா நான் அந்தக் கலருக்கு எங்கிட்டுப் போவேன்?”

யோசிக்கிறேன் என்றேன்.

யோசிக்கிறேன்.

டிசம்பர் 28

சனிக்கிழமை. அறையைப் பெருக்கினேன். பழைய செய்தித்தாள்களை எடைக்குப் போட்டேன். நிரஞ்சனா மின்னஞ்சலில் இன்னாசியின் முழுப்பெயர், பிறந்த ஊர் எல்லாம் கேட்டிருந்தார். அனுப்பினேன்.

டிசம்பர் 29

இன்னாசி வாடகை அறைக்குப் போக வேண்டியவன் பஸ் எண் தெரியாமல் மாறி ஏறிவிட்டான். சூலூர் தாண்டி எங்கோ போய் இறங்கி, அங்கிருந்து எனக்குப் போன் செய்தான்.

“பேரும் தெரியல, நம்பரும் தெரியல. நேரா பாத்தா நடுவுல கலங்கலா இருக்குக்கா. ஓரத்துலதான் தெரியுது. இது கலரு மட்டும் இல்லக்கா.”

அங்கேயே நில், ஒரு கடை வாசலில் உட்கார், நகராதே என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். பேக்கரி வாசலில் டீ கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் அவன் எதிரிலேயே போய் நின்றேன். கூப்பிட்ட பிறகுதான் என்னைத் தெரிந்துகொண்டான்.

“நாளைக்கு ஆஸ்பத்திரி,” என்றேன்.

“சரிக்கா.”

டிசம்பர் 30

முதலில் காசநோய்ப் பிரிவு, அங்கிருந்து கண் பிரிவு. கண் டாக்டர் இளம் பெண். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தை விரித்து வைத்தார். இன்னாசி முதல் பக்கத்தை மட்டும் படித்தான். அடுத்ததில் எண்ணே இல்லை என்றான். அதற்கடுத்ததிலும் இல்லை என்றான். எனக்கு எல்லாம் தெரிந்துகொண்டே இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் இவ்வளவு பெரிய எண்கள்.

“ஓவியம் வரைவீங்களா?” என்று டாக்டர் அவன் நகத்திலிருந்த சாயத்தைப் பார்த்துக் கேட்டார். பிறகு கொஞ்சம் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

“நாலு மருந்துல ஒண்ணு கண் நரம்பைப் பாதிச்சிருக்கு. அபூர்வமா நடக்கும். அதை மட்டும் இன்னிக்கே நிறுத்திடுவாங்க, மத்த மருந்தைச் சாப்பிட்டே ஆகணும். நோய் திரும்பிடும்னு பயப்படாதீங்க. பார்வை பெரும்பாலும் திரும்பி வரும். மெதுவா வரும், மாசக்கணக்கு ஆகும். முழுசா வருமான்னு இப்போ சொல்ல முடியாது. எவ்வளவு சீக்கிரம் நிறுத்துறோமோ அவ்வளவுக்கு நல்லது.” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க எப்போ கவனிச்சீங்க?”

“நாலஞ்சு நாளாதான் டாக்டர். அவங்க அம்மா சொல்லித்தான்.”

இன்னாசி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கு என் முகம் எவ்வளவு தெரிந்தது என்று தெரியவில்லை.

ஜனவரி 3

இன்னாசியின் கண் விஷயத்தைப் பவளக்கொடியிடம் சொல்ல வேண்டிய கட்டாயம். இன்னாசியே சொல்லிவிடலாம் என்றான். மஞ்சள் காமாலை இல்லை, காசநோய் என்று சொன்னதும் அவள் கையிலிருந்த களிமண்ணைக் கீழே வைத்தாள். மகள் யாழினி அவள் காலடியில் ஸ்பூனால் தரையைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்தாள்.

“ஆகஸ்ட்ல இருமிட்டே இருந்தானேங்க்கா. அப்பவெல்லாம் இவ அவன் மடியிலதான உக்காந்திருந்தா.”

“அப்போ எங்களுக்கே தெரியாது பவளம்.”

“செப்டம்பர்ல தெரியுமில்லங்க? அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, இவளக் கூட்டிட்டுப் போயி பாத்திருப்பனில்லங்க? நீங்க எங்களுக்குத் துணைன்னுதானுங்க இருக்கீங்க? எனக்கும் சேத்துத்தானுங்க துணை?”

இன்னாசி கேட்டுக்கொண்டதால்தான் என்று ஆரம்பித்தேன். அவள் காதில் வாங்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஈரத்துணி சுற்றாமல் விட்டதால் அவளுடைய களிமண் காய்ந்துவிடும். நான் சுற்றி வைத்தேன்.

ஜனவரி 6

பவளக்கொடி வரவில்லை. போனை எடுக்கவில்லை. துணியை நனைத்து மறுபடி சுற்றினேன்.

இன்னாசி வருகிறான், உட்காருகிறான், போகிறான். பெயின்ட் ட்யூபுகளை எல்லாம் ஒரு பையில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டான்.

ஜனவரி 9

பவளக்கொடி வந்தாள். யாழினியைப் பரிசோதித்ததில் ஒன்றுமில்லையாம். அதை என்னிடம் சொல்லவில்லை, இன்னாசியிடம் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு அழுதான். “அட, எந்திரிடா,” என்று அவன் முதுகில் தட்டினாள்.

பிறகு என்னிடம் வந்தாள். “அவன் மேல எனக்குக் கோவமில்லீங்க. நோயி யாருக்கு வேணும்னாலும் வரும். உங்க மேலதானுங்க.” அவ்வளவுதான் பேசினாள்.

மதியம் ஒரு பெரிய களிமண் உருண்டையை அவன் முன்னால் வைத்து, “கலரு வேண்டாம், கண்ணும் அவ்வளவா வேண்டாம். பெசஞ்சு பாரு,” என்றாள். அவன் ஒரு ஆடு செய்தான். அதைப் பார்த்து யாழினி “மாடு” என்றாள், பவளக்கொடி “நாற்காலி” என்றாள். வெகு நாட்களுக்குப் பிறகு ஸ்டூடியோவில் சிரிப்புச் சத்தம்.

ஜனவரி 11

என்னைக் கேட்காமலேயே இன்னாசி நிரஞ்சனாவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான். நாங்கள் மூவரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“மேடம், அந்தக் கலரு நான் நெனச்சு வச்சது இல்ல. நான் வச்சது செவப்பு. எனக்கு அது செவப்பாத்தான் தெரிஞ்சுச்சு. இனிமே ரெண்டு படம் என்னால தர முடியாது.”

அவர், “படம் படம்தானே இன்னாசி. அது எப்படி வந்ததுங்கறது அதைக் குறைக்காது. எனக்கு அது வேணும்,” என்றார். கூடவே தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். படத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு அட்டையில் நடந்ததை எழுதி வைக்கலாமாம். பார்க்கிறவர்களை அது இன்னும் ஆழமாகத் தொடுமாம்.

“வேண்டாம் மேடம். அட்டை வச்சா எல்லாரும் அதப் படிச்சுட்டு ஐயோ பாவம்னு போயிருவாங்க. எங்கம்மாவப் பாக்க மாட்டாங்க.”

அட்டை இல்லாமல் அந்த ஒரு படம் மட்டும் போவதாக முடிவானது.

ஜனவரி 17

வண்டி வந்தது. படத்தைக் குமிழி உறையில் சுற்றி, மரச்சட்டத்தில் அடைத்து ஏற்றினோம். இன்னாசி வெளியே வரவில்லை. ஆட்டுக்குக் காது வைத்துக்கொண்டிருந்தான். இப்போது ஆடு ஆடு மாதிரி இருக்கிறது.

ஜனவரி 22

நஞ்சப்பன் சாருக்கு விஷயம் எப்படியோ தெரிந்திருக்கிறது. கூட்டத்துக்கு அறிக்கை கேட்டார்.

“தமயந்தி, இத விட நல்ல கதை கிடைக்குமுங்களா? ஏழைப் பையன், நோயி, பார்வை போவுது, அப்பவும் வரையறான், சென்னை வரைக்கும் போவுது. நம்ம டிரஸ்ட் பக்கத்துல நின்னு தூக்கிவிட்டிருக்குது. ரெண்டு பாரா எழுதுங்க, படிக்கறவங்க கண்ணுல தண்ணி வரோணும்.”

“அவன் வேண்டாங்கறான் சார்.”

“அவன்கிட்ட எதுக்குங்க கேக்கறீங்க? நம்ம அறிக்கைதானுங்க இது.” பிறகு குரலைத் தணித்தார். “எடம் போயிருமுங்க. நான் நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

மதியம் வரை மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன். எழுத உட்கார்ந்தால் வரிகள் தாமாகவே வருகின்றன. அதுதான் பயமாக இருந்தது. நன்றாக எழுத வரும் எனக்கு. எல்லாவற்றையும் அடித்துவிட்டு வேறு எழுதினேன். யார் யார் வருகிறார்கள், என்ன செய்கிறார்கள், யாருக்கு வேலை கிடைத்தது, யாருக்கு இன்னும் கிடைக்கவில்லை, கூரையில் எங்கே ஒழுகுகிறது. இன்னாசியைப் பற்றி ஒரு வரி: “ஓவியர். நிலக்கோட்டைப் பூச்சந்தையைப் பற்றி ஒரு வரிசை செய்துவருகிறார்.”

ஜனவரி 30

கூட்டம் முடிந்தது. கேன்டீனில் பாதியைக் குடோனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜன்னல் இல்லாத பாதி எங்களுக்கு. அதுவும் இந்த வருடம் வரைக்கும்தான். “நீங்க ரெண்டு பாரா எழுதியிருக்கலாம்,” என்றார் நஞ்சப்பன் சார். கோபமாகச் சொல்லவில்லை.

பிள்ளைகளிடம் சொன்னேன். பவளக்கொடி எழுந்து தன் மேஜையை இழுக்க ஆரம்பித்தாள். “சும்மா நிக்காதீங்க்கா, அந்தப் பக்கம் புடிங்க,” என்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போன நாளுக்குப் பிறகு அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டது இன்றுதான்.

பிப்ரவரி 14

கண் பரிசோதனை. எழுத்துப் பலகையில் போன தடவையைவிட இரண்டு வரி கூடுதலாகப் படித்தான். புள்ளிப் புத்தகத்தில் மாற்றமில்லை. வரும், பொறுங்கள் என்றார் டாக்டர்.

பிப்ரவரி 26

டியூப்லைட் போட ஆள் வந்தார். வெள்ளை வெளிச்சம் எல்லாரையும் நோயாளி மாதிரி காட்டுகிறது. மஞ்சளும் கலந்து போடச் சொன்னேன்.

மார்ச் 15

புள்ளிப் புத்தகத்தில் இன்னாசி நான்கு பக்கம் படித்தான். ஐந்தாவதில் தடுமாறினான். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது எதிர்த்த கடையில் தொங்கிய பிளாஸ்டிக் குடங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மூணாவது குடம் செவப்புதானேக்கா?”

“ஆமாம்.”

“சும்மா சொல்லாதீங்க.”

“செவப்புதான்டா.”

பஸ் வந்தது. இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டோம்.

ஏப்ரல் 12

சென்னையிலிருந்து படம் திரும்பி வந்தது. கண்காட்சியில் நிறையப் பேர் அதன் முன்னால் நின்றார்கள் என்று நிரஞ்சனா எழுதியிருக்கிறார். ஒருவர் விலைக்குக் கேட்டிருக்கிறார், இன்னாசி கொடுக்கவில்லை. தான் இன்னும் அதைப் பார்க்கவே இல்லை, பார்க்காததை எப்படி விற்பது என்றானாம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வரைந்தவன் மட்டும் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

சட்டத்தைப் பிரித்துச் சுவரில் சாய்த்து வைத்தோம். பவளக்கொடி யாழினியைத் தூக்கிக்கொண்டு, டீ வாங்கி வருகிறேன் என்று வேண்டுமென்றே வெளியே போனாள். இன்னாசி தள்ளி நின்று பார்த்தான். கிட்டே போனான். பூக்குவியலின் மேல் விரலை வைத்து எடுத்தான். டாக்டர் கணக்கில் அவனுக்கு இப்போது அநேகமாக எல்லாம் தெரிகிறது. இருட்டு கலந்த சிவப்புகளில் மட்டும் கொஞ்சம் சந்தேகம், அது அப்படியே நின்றுவிடலாமாம்.

“எங்கம்மா மூஞ்சில போயி பச்சையப் பூசியிருக்கேன்,” என்றான். சிரிக்கப் பார்த்தான். மறுபடி தள்ளி வந்து நின்றான்.

“நல்லாத்தான்க்கா இருக்கு. யாரோ வரைஞ்ச மாதிரி இருக்கு. பொறாமையா இருக்கு எனக்கு. இப்ப உக்காந்து இதே மாதிரி போடுன்னா எனக்கு வராது.”

“வேற வரும்.”

“வரும். வேறதான் வரும்.” படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமலேயே கேட்டான்: “நீங்க மொதத் தடவை இதப் பாத்தப்பவே தெரியும்லக்கா உங்களுக்கு?”

நான் பிரித்த சட்டத்தின் ஆணிகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

“நான் சும்மா கேட்டேன். எனக்கும்தான் தெரியும். நானும் சொல்லல.” மெதுவாகத் தலையாட்டிக்கொண்டான். “ரெண்டு பேருக்குமே படம் பிடிச்சுப்போச்சு. அதான் நடந்தது.”

லூர்தம்மாளுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். அறைக்கு எடுத்துப் போகிறாயா என்றேன். அதற்கும் வேண்டாம் என்றான்.

“இங்கயே மாட்டுங்கக்கா. உங்க மேஜைக்கு நேரா. தெனமும் நீங்க பாக்குற மாதிரி.”

கோபத்தில் சொன்னானா, பாசத்தில் சொன்னானா தெரியவில்லை. குரலில் இரண்டும் இருந்தது போலவும், இரண்டுமே இல்லாதது போலவும் இருந்தது. பவளக்கொடி டீயோடு வந்தாள், குடித்தோம். அவன் அலமாரியைத் திறந்து ட்யூப் பையை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனான்.

சுத்தியலும் ஆணியும் தேடி எடுத்தேன். ஆலைச் சுவர், லேசில் இறங்கவில்லை. பவளக்கொடி உதவிக்கு வந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே அடித்தேன்.